கறை படியாத மண்

பார்வை மகஜரை நிகழ்காலத்தில் எழுத வேண்டும்.
ஒவ்வொரு வரியும் 'காணப்படுகிறது' என்று முடிய வேண்டும்.
கொரங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி காணப்படுகிறது.
மேற்கே கடவும், அதில் சாத்திய படலும் காணப்படுகிறது.
கொழுக்கட்டைப் புல் கணுக்கால் உயரம் காணப்படுகிறது.
நாட்ராயன் காணப்படவில்லை.
பொழுது விடியும் முன்பே அவரைத்
தாராபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம்,
கோரிக்கைக் கடிதத்தை மடியில் வைத்த ஒரு கான்ஸ்டபிளோடு.
அவருடைய செம்மறிகள் மட்டும்
எண்ணிக்கை குறையாமல் காணப்படுகின்றன.

உள்ளூர்ச் சாட்சிகள் இருவர் தேவை.
ஊர் வேலிக்கு அந்தப்புறமாகவே நின்றது.
ஒருத்தருக்குக் கண்ணாடி வீட்டில்.
ஒருத்தருக்குக் கன்னிவாடிச் சந்தை, வண்டி நிற்கிறது.
"எம்பட கையெழுத்து கோர்ட்டுக்கெல்லாம் ஆகாதுங்" என்றார்
போன வாரம்தான் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கியவர்.
சொசைட்டிப் பால்காரரை ஏறக்குறைய இழுத்து வந்தோம்.
நாச்சிமுத்து, யாரும் கூப்பிடாமலேயே,
படலை நகர்த்திக்கொண்டு உள்ளே வந்தார்.
"போடறனுங். எங்கெ போடோணும்?"

அளக்கும் டேப்பின் மறுமுனை அவர் கையில்.
வெள்வேல மரத்திலிருந்து சம்பவ இடம் பதினாலு அடி.
கடவிலிருந்து நாற்பத்தொன்று.
வடக்கு எது என்று நான் தடுமாறியபோது
முகவாயால் காட்டினார்.
நல்ல சாட்சி என்று நினைத்தேன்.
வெயிலுக்கு முன் வேலை முடிந்துவிடும் என்றும்.

சம்பவ இடத்தில் இரண்டு மண் எடுப்பது வழக்கம்.
கறை படிந்தது ஒன்று,
கறை படியாதது ஒன்று.
பயிற்சிப் பள்ளியில் சிரித்தோம்,
ஒரு பாவமும் அறியாத மண்ணையும் பிடித்துப் போவதா என்று.
ஒத்துப் பார்க்க, என்றார் வாத்தியார்.
எது ரத்தம் என்று சொல்ல
எது மண் என்று தெரிய வேண்டும்.

முதல் டப்பா நிறைந்தது.
இரண்டாவதை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன்.
கிழக்கு மூலையில், புல் இல்லாமல்,
சலித்துக் கொட்டியது போல் கையகல இடம்.
குனிந்தேன்.

"அங்க வேண்டாமுங் அம்மிணி.
அங்கயும் பட்டிருக்குமுங்."

என் கண்ணுக்கு அங்கே செம்மண் காணப்படுகிறது.
செம்மண் மட்டும் காணப்படுகிறது.
பின்னால் டேப் யார் கையிலிருந்தோ நழுவிச்
சர்ரென்று தன் கூட்டுக்குள் ஓடியது.

நான் நிமிரவில்லை.
"அப்படீங்களா" என்றேன்.
அவர் காட்டிய இடத்தில், மரத்தடியில், இரண்டாவதை நிரப்பினேன்.
பிறகு பையிலிருந்து மூன்றாவது டப்பா.
மூளனூர் மருந்துக்கடைக்காரர் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்தது.
வேண்டாம் என்ற மண்ணை அதில் அள்ளினேன்.
மூன்று சீட்டிலும் கையெழுத்துப் போட்டார்,
இனிஷியலோடு, எழுத்துக் கூட்டாமல்.

"இதென்ன மூணாவது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.
சொன்னேன்.
வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி கொஞ்ச நேரம்
செம்மறிகளைப் பார்த்தார்.
"நம்மகிட்ட சொன்ன வாய் கோர்ட்டுல நிக்காதம்மா.
மண்ணு நிக்குதான்னு பாப்போம்."

கோவை லேபுக்குப் போன மண் ஐந்து மாதம் வரவில்லை.
நாச்சிமுத்து வந்தார், வாரம் தவறாமல்.
"ரிப்போட்டு வந்துருச்சுங்களா?"
ஒரு தடவை இளநீர் கொண்டுவந்தார்.
குடித்தேன். அதை எங்கும் பதியவில்லை.
ஆட்டு ரத்தமாக இருக்கட்டும் என்றுகூட ஒருநாள்,
ராத்திரி டூட்டியில், நினைத்தேன்.
யாராவது கிடா வெட்டியிருக்கலாம்.
அதைப் பார்த்தவராக அவர் இருக்கலாம்.

பொருள் ஒன்று: மனித ரத்தம்.
பொருள் இரண்டு: ரத்தம் இல்லை.
பொருள் மூன்று: மனித ரத்தம், ஒன்றின் அதே வகை.

இப்போது எதிரி ஒன்று என்று எழுத வேண்டிய பெயர்
சாட்சி ஒன்றுக்கு நேரே இருக்கிறது,
என் கையெழுத்தில், நீல மையில்.
தன் குற்றத்துக்குத் தானே பஞ்சாயத்தார் ஆன மனிதர்.
வேறு சாட்சி தேட இனி நேற்றைக்குப் போக முடியாது.
வேலிக்கு அந்தப்புறம் நின்ற ஊர்
இன்னும் அங்கேதான் நிற்கிறது.

மகஜரில்
அடித்தல் திருத்தல் கூடாது.